சிஜாலியின் அடிவயிறு

அத்தியாயம் ஆறு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் இரண்டு கண்களின் மேல், என் கழுதையின் நான்கு கால்களின் மேல், இனிமேல் முளைக்கப்போகும் என் கடைவாய்ப் பல்லின் மேல் ஆணை. இந்த வயதில் பல் எங்கே முளைக்கும் என்று கேட்பவர்கள் புத்தகத்தை இந்தப் பக்கத்தோடு மூடி, கொடுத்த காசைக் கடைக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். அவர் தரமாட்டார். ஆகவே மேலே படியுங்கள்.

லாமுவுக்கு அடுத்த தீவில், கிடாவுத் துறையில், ஷெகூவே அண்ணன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். துப்பறிவது அவருடைய இரண்டாவது தொழில். ஒருவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு தொண்டையில் கத்தியை வைத்தால் அவன் உண்மை பேசுவான் என்பது அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம். நான் ஃபுமோ, அவருடைய உதவியாள். கண்ணாடி பிடிப்பது, தரை பெருக்குவது, அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசி அவரைச் சரியான வழிக்குத் திருப்புவது, இவை என் வேலைகள்.

அன்று காலை கடைக்குள் முதலில் கதவு வந்தது. அதன் பின்னால் முவாசிதி வந்தாள். கையில் ஒரு தகர டப்பா. அதை நாற்காலிக் கையில் டக்கென்று வைத்தாள்.

"ஷெகூவே, இதுல மூக்கை விடு."

"என்ன இது?"

"என் படகோட அடித்தண்ணி."

அண்ணன் குனிந்து முகர்ந்தார். அவருடைய மீசை நுனி இரண்டும் ஒரே நேரத்தில் மேலே தூக்கிக்கொண்டன. பிறகு பல வாரங்கள் அவை கீழே இறங்கவில்லை. ஊரே பார்த்தது.

"நாறுது," என்றார்.

"நாறும். எங்கப்பா காலத்துலேருந்து நாறுது. நாறட்டும். ஆனா ஒழுகாது. கேட்டுக்கிட்டியா? என் படகு நாறும், ஒழுகாது. இதை எவன் மாத்திச் சொன்னாலும் அவன் மூஞ்சியில இந்த டப்பாவைக் கவுப்பேன்."

நடந்தது இதுதான். முவாசிதியின் படகுக்குப் பெயர் சிஜாலி. 'எனக்கென்ன கவலை' என்று அர்த்தம். ஒற்றைப் பாய்மரம் கட்டிய பெரிய ஜஹாஸி, அதாவது மரச் சரக்குப்படகு. அப்பா இறந்தபின் அவளே சுக்கான் பிடித்து, மொம்பாசாவுக்கும் தீவுகளுக்கும் சரக்கு ஏற்றினாள். பெண் பிடித்த சுக்கான் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவள் காதுபட முணுமுணுத்தவர்கள் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அபூத் முதலாளியின் சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கடல் ஏறும் ஏற்றத் தண்ணீருக்காகத் துறையில் கட்டிக் காத்திருந்தாள். அன்று கழுதைப் பந்தயம். கிடாவுத் துறையில் கழுதைப் பந்தயம் என்றால் படகில் ஆள் இருக்காது, கடையில் ஆள் இருக்காது, பிரசவ வலியில் இருப்பவள்கூட ஜன்னலோரம் வந்து நிற்பாள். எல்லோரும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, சிஜாலியின் வயிற்றில் முழங்கால் அளவு கடல். சர்க்கரை பாகாகிவிட்டது. அந்த வாரம் முழுக்கத் துறையில் பிடித்த மீன்களை உப்புப் போட்டு வறுத்தாலும் அல்வா மாதிரிதான் இருந்தது. இறால்களுக்குப் பல்வலி வந்து கரையேறிப் படுத்துக்கொண்டன. இதை நான் மிகைப்படுத்தவில்லை, இறால் மட்டும்தான், நண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துறைக் கமிட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. சரக்கை மூழ்கடித்த படகின் பாய்மரத்தைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய மரத்தை மறுபடி நட்டதாக வரலாறு இல்லை. பிறகு அந்தப் படகை யாராவது விறகு விலைக்குக் கேட்பார்கள்.

"விசாரணை எப்போ?" என்றார் அண்ணன்.

"இன்னிக்கு. மத்தியானத்துக்கு மேல, அஸர் தொழுகை முடிஞ்சதும். தண்ணி ஏறினப்புறம் என் படகு மேலேயே உக்காந்து தீர்ப்பு சொல்வாங்களாம். நகுதா அத்துமானிதான் தலைவர். மரத்தைக் கழட்டுறவங்க என்னையும் சேத்துத்தான் கழட்டணும். நான் அதோட என்னைக் கட்டிக்கப்போறேன்."

"அது கொஞ்சம் அவசரம். கயிறு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"பெரிய முடிச்சா போட்டுக்கோக்கா," என்றேன் நான். "நகுதா அத்துமானிக்கு சின்ன முடிச்சு புடிக்காது. அவுத்து மறுபடி ஒழுங்கா கட்டுவாரு."

அத்துமானியைப் பற்றிச் சொன்னது கேலிதான் என்றாலும் பொய்யில்லை. கடலிலிருந்து ஓய்வுபெற்ற பழைய நகுதா. அதாவது கப்பல் தலைவர். ஊரிலேயே மிகச் சுத்தமான மனிதர். காபி குடித்தபின் கடைக்காரனின் கோப்பையை அவரே கழுவி வைப்பார். எதிரே வருபவனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுத்தான் சலாம் சொல்வார். கரையோரம் நடக்கும்போது கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு படகின் அருகிலும் நின்று, அடியில் தண்ணீர் அசையும் சத்தத்தைக் கேட்டு, "அடியில தண்ணி ஓடுற துளை அடைச்சிருக்குடா, நோண்டி விடுங்கடா," என்று கத்துவார்.

நாங்கள் கரைக்குப் போனோம். இறக்கத் தண்ணீர் நேரம், கடல் பின்வாங்கியிருந்தது. சிஜாலி சேற்றில் முட்டுக்கட்டைகளின் மேல் சாய்ந்து நின்றது, வேலைக்குப் போகாத மாப்பிள்ளை மாதிரி. ஷெகூவே அண்ணனுக்கு ஒரு சங்கடம் உண்டு. படகில் ஏறினாலே குமட்டும். தரைதட்டிய படகானாலும் குமட்டும். ஒருமுறை படகுப் படம் போட்ட காலண்டரைப் பார்த்து வாந்தி எடுத்தார். ஆனாலும் ஏறினார். தொழில்.

பாய்மரத்தின் அடியில் ஒரு பலகையைத் தூக்கினால், ஓர் ஆள் குப்புறப் படுத்து நுழைகிற அளவு சந்து. அதன் கீழேதான் படகின் அடிவயிறு. படகின் முதுகெலும்பான ஏரா மரத்தின் இருபக்கமும் வங்குக் கட்டைகள் விலா எலும்புகள் போல வரிசையாக நிற்கும். மேலே சிந்துவது, கசிவது, மழை, மீன் செதில், சமையல்காரன் கொட்டிய தேங்காய்ப்பால் எல்லாம் அங்கே இறங்கி ஒன்றாகி, தனக்கென்று ஒரு குணத்தோடு வாழத் தொடங்கும். சிஜாலியின் அடிவயிற்றைப் பற்றி ஊரில் மரியாதை உண்டு. ஒரு தடவை அதற்குள் விழுந்த பூனை கறுப்பாகப் போய் வெள்ளையாக வந்தது.

அண்ணன் சந்துக்குள் தலையை விட்டார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அண்ணே, உசிரோட இருக்கீங்களா?"

"ஃபுமோ, நீயும் எட்டிப் பாரு."

பார்த்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

வங்குக் கட்டைகள் பளபளவென்றிருந்தன. சேறு இல்லை. செதில் இல்லை. மூலைமுடுக்கில்கூட வழவழப்பு இல்லை. ஏரா மரத்தின் மேல் சுறா எண்ணெய் மெல்லிசாகத் தடவப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

"முவாசிதி, எப்போ சுத்தம் பண்ணினே?"

"நானா? என்னை ஏன் திட்டுற?"

"உள்ள எட்டிப் பாரு."

அவள் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"எவன்?" என்றாள். "எவன் அது? எவன் என் படகு வயித்துல கை வச்சது?"

"டப்பாத் தண்ணி எங்க மொண்டது?"

"மூழ்கின அன்னிக்கு, சரக்குக்கு மேல நின்ன தண்ணியில. அப்புறம் மூட்டையெல்லாம் இறக்கினாங்க, தண்ணிய இறைச்சாங்க, நான் கீழ எட்டியே பாக்கல. பாக்க மனசு வரல."

எங்கள் பக்கத்தில் அடுத்தவர் படகின் அடிவயிற்றைக் கேட்காமல் கழுவுவது சின்ன விஷயம் இல்லை. அடுத்தவர் மனைவிக்குக் கேட்காமல் மல்லிகைச் சரம் வாங்கிக் கொடுப்பது போல. படகைத் திருடியவனைக் கூட மன்னித்திருக்கிறோம். கழுவியவனை மன்னித்ததில்லை.

அண்ணன் குப்புறப் படுத்தபடி பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு இணைப்பிலும், தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் கலப்பத்துப் பஞ்சு இருந்தது. கறுத்து, காய்ந்து, பழசாக, ஆனால் இருந்தது. விரல் நுழையும் ஓட்டை ஒன்றும் இல்லை.

"ஓட்டை இல்ல," என்றார்.

"அதைத்தானே காலையிலேருந்து கத்துறேன்."

"ஓட்டை இல்ல, ஆனா தண்ணி வந்திருக்கு. அப்ப என்ன அர்த்தம்?" அண்ணன் வெளியே வந்து, கண்ணை மூடி, குமட்டலை விழுங்கினார். "எல்லாரும் படகுலேருந்து தண்ணிய இறைச்சு வெளிய ஊத்துவாங்க. எவனோ வெளியேருந்து இறைச்சு உள்ள ஊத்தியிருக்கான்."

துப்பறியும் வரலாற்றில் இப்படி ஒரு வாக்கியம் அதுவரை சொல்லப்படவில்லை. நான் கைதட்டினேன்.

அந்த நேரம் அபூத் முதலாளி கரையில் மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் உடம்பு பெரிய உடம்பு. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய நிழல் வந்து இடம் பிடித்துக்கொள்ளும்.

"என்ன, ஓட்டையை அடைச்சு ஒளிக்கிறீங்களா?" என்று கத்தினார். "என் சக்கரை போச்சு! மீன் தின்னுது! எனக்கு இந்தப் படகோட மரம் இறங்கணும்!"

"இறக்குவியா? ஏறி வா, இறக்கு," என்றாள் முவாசிதி. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"முதலாளி," என்றார் அண்ணன் பணிவாக, "உங்க மேலயும் சந்தேகம் இருக்கு. நீங்களே தண்ணி ஊத்திட்டு, கெட்டுப்போன சக்கரைக்கு மொம்பாசா வியாபாரிகிட்ட வேற சக்கரை கேக்கலாமில்லையா?"

"என்னையா? நானா? இந்த நாத்தத்துக்குள்ள நானா நுழைஞ்சேன்?"

"நுழைய முடியுமான்னு பாத்துட்டாப் போச்சு."

கோபக்காரர்களிடம் ஒரு நல்ல குணம், சவால் விட்டால் யோசிக்க மாட்டார்கள். அபூத் முதலாளி ஏறி வந்து, செருப்பைக் கழற்றி, சந்துக்குள் தலையை விட்டார். பிறகு தோள். பிறகு நின்றுவிட்டார். பாதி அபூத் உள்ளே, பாதி அபூத் வெளியே. உள்ளே இருந்த பாதி திட்டியது, வெளியே இருந்த பாதி உதைத்தது.

"இவர் குற்றவாளி இல்ல," என்றார் அண்ணன்.

பிறகு என் கழுதையைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தோம். வெள்ளிக்கிழமைப் பந்தயத்தில் பின்பக்கமாக ஓடி இரண்டாவது வந்த கழுதை அது. முதலாளி பாட்டில் மூடி கழன்ற சத்தத்தோடு வெளியே வந்தார். அவர் கைகளைத் தட்டிக்கொண்டே சொன்ன ஒரு விஷயம்தான் எங்களுக்குத் துப்பு.

"உள்ள கயிறு எங்கேயும் காணோமே. நான் புடிச்சிக்கலாம்னு தேடினேன்."

எந்தப் படகிலும் வங்குக் கட்டைகளின் அடியில் சிறு துளைகள் இருக்கும், தண்ணீர் ஒரே இடத்துக்கு ஓடிச் சேர. அந்தத் துளைகள் வழியாக முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கயிறு கோத்திருக்கும். துளை அடைத்துக்கொண்டால் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தால் போதும், அழுக்கு கழன்றுவிடும். கயிற்றின் நுனி எல்லாப் படகுகளிலும் பின்புறத்தில், சுக்கானுக்குக் கீழே தொங்கும்.

"எங்க படகுல அங்க இருக்காது," என்றாள் முவாசிதி. "எங்கப்பாவுக்கு யாரும் அவர் கயித்தைத் தொடக்கூடாது. தொட்டா அதிர்ஷ்டத்தை உருவிட்டுப் போயிடுவான்னு நம்பினாரு. நுனியை மரத்தோட அடிக்குப் பின்னால, ஒரு ஆணியில சுத்தி ஒளிச்சு வச்சாரு. அந்த இடம் அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் செத்துட்டாரு."

அண்ணன் கையை விட்டு ஆணியைத் தடவினார். கயிறு அங்கேதான் இருந்தது. ஆனால் முவாசிதி சுற்றிய மாதிரி இல்லை. ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றோடு ஒட்டி, அழகாக, சீப்பு வைத்து வாரியது மாதிரி.

"ஃபுமோ," என்றார், "ஒரு படகை அழிக்க வந்தவன் அதைக் கழுவுவானா?"

"பைத்தியமா இருந்தா கழுவுவான்."

"பைத்தியம் இல்லன்னா?"

"அப்ப, தனக்கு வேணும்னு இருக்கிறவன் கழுவுவான்."

"அவ்வளவுதான். மரத்தைக் கழட்டினப்புறம் விறகு விலைக்கு வாங்கிக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கான். தன் வீட்டுக்கு வரப்போற பொண்ணுன்னு குளிப்பாட்டி விட்டிருக்கான். முவாசிதி, இந்தப் படகை இதுக்கு முன்னாடி யாராவது விலைக்குக் கேட்டாங்களா?"

"நகுதா அத்துமானி கேட்டாரு. இதைக் கட்டினது அவரோட அப்பாவாம். இப்படி வச்சிருக்கியே, பாவம்னு அழுதாரு. போய்யா, உன் வேலையைப் பாருன்னேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. நகுதா அத்துமானி கடைக்கு வந்து மொட்டை அடிக்கச் சொன்னார். அன்று காலையில்தான் அவருக்கு மொட்டை அடித்திருந்தோம். பரவாயில்லை, மறுபடி அடி என்றார். உடம்பெல்லாம் ஊது வாசனைக்கட்டையின் புகை மணம். ஒரு கல்யாண வீட்டுக்கே போதுமான புகை. சிஜாலியின் நாற்றம் முடியில் ஒட்டினால் வேரோடுதான் போகும் என்பது கிடாவுத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"கமிட்டித் தலைவரா?" என்றாள் முவாசிதி. அவள் குரல் முதன்முறையாக இறங்கியது. பிறகு ஏறியது. "தலைவராவது மயிராவது. வரட்டும்."

"மயிர்னதும் ஞாபகம் வருது," என்றார் அண்ணன். "ஃபுமோ, கடையில பெருக்கின முடி எவ்வளவு இருக்கு?"

"ஒரு மூட்டை."

"கொண்டா."

அஸர் தொழுகை முடிந்தது. தண்ணீர் ஏறி, சிஜாலி சேற்றைவிட்டு எழும்பி மிதந்தது. கமிட்டிக் கிழவர்கள் வரிசையாக ஏறி, படகின் மேல்தட்டில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் நகுதா அத்துமானி, வெள்ளை கன்ஸு அங்கி, அதில் ஒரு மடிப்புக்கூட இல்லை. முவாசிதி பாய்மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய முடிச்சு. கரையில் ஊரே நின்றது.

அதற்குள் நாங்கள் செய்யவேண்டியதைச் செய்திருந்தோம். கிடாவுத் துறை ஆண்களின் ஒருமாதத் தலைமுடியும் தாடியும் இப்போது சிஜாலியின் துளைகளுக்குள் இருந்தன. முன்பக்கமாக நான் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மரத்தடிப் பலகையை எடுத்துவிட்டுச் சந்தைத் திறந்தே வைத்திருந்தோம். நகுதாவின் பாய், சந்துக்குப் பக்கத்தில்.

"தொடங்கலாம்," என்றார் அத்துமானி. "இந்தப் படகு ஒழுகுதுன்னு முறையீடு. பழைய படகு. கவனிப்பாரில்லாத படகு."

"நாறும்," என்றாள் முவாசிதி. "ஒழுகாது."

"பேசாதே."

"என் படகு. நான் பேசுவேன். நீங்க உக்காந்திருக்கிற பலகை என்னோடது. பிடிக்கலேன்னா தண்ணியில உக்காந்து தீர்ப்பு சொல்லுங்க."

கரையில் சிரிப்பு. ஷெகூவே அண்ணன் எழுந்தார். முகம் பச்சை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தினார்.

"கமிட்டிக்கு ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை, கழுதைப் பந்தயம் நடக்கிறப்போ, உங்கள்ல யாராவது இந்தப் படகுல ஏறினீங்களா?"

கிழவர்கள் எல்லோரும் கொதித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இல்லை என்று ஆணையிட்டார்கள். அத்துமானி கடைசியாகச் சொன்னார்.

"முவாசிதியோட அப்பா காலத்துக்கு அப்புறம் நான் இதுல கால் வச்சதே இன்னிக்குத்தான். அவர் இருந்தப்பவும் இந்தத் தட்டுக்குக் கீழ நான் போனதில்லை. விட்டாத்தானே."

"சரி," என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு ஏமாற்றம். எனக்கு மட்டும் தெரியும், இனி பேசப்போவது படகு.

ஒரு சின்ன அலை வந்தது. சிஜாலி லேசாக ஆடியது. கீழே, களக். தண்ணீர் ஓட வழியில்லாமல் கட்டையில் மோதித் திரும்பியது. களக், களக். நான் ஊற்றியது இரண்டு வாளிதான், ஆனால் சத்தம் ஐந்து வாளிக்குக் கேட்டது. ஏற்றத் தண்ணீரில் சத்தம் அப்படித்தான் பெரிதாகக் கேட்கும்.

அத்துமானி பேச்சை நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். "கவனிப்பாரில்லாத... இந்த..." களக். அவர் இடது கண் துடித்தது. "படகுகளால..." களக், களக். கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கை, எஜமானனைக் கேட்காமலே, தொடை மேலிருந்து எழுந்தது.

"யாருடா அது துளையை அடைச்சு வச்சிருக்கிறது?" என்றார் பல்லைக் கடித்து.

"எந்தத் துளை நகுதா?" என்றேன் நான். "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலயே."

களக்.

மனிதன் பசியை அடக்கலாம், கோபத்தை அடக்கலாம். அறுபது வருடம் படகைச் சுத்தமாக வைத்திருந்த கையை அடக்க முடியாது. நகுதா அத்துமானி அந்த வெள்ளை அங்கியோடு பாயில் குப்புற விழுந்து, திறந்த சந்துக்குள் தோள்வரை கையை விட்டார். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடியிருந்தது. கை மட்டும் இருட்டில் நேராகப் பாய்மரத்தின் அடிக்குப் பின்னால் போனது, ஆணியைத் தொட்டது, கயிற்றை அவிழ்த்தது, இழுத்தது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். கீழே முடிக்கற்றைகள் கழன்றன. தண்ணீர் சலசலவென்று ஓடியது. நகுதாவின் முகத்தில் தூங்கும் குழந்தையின் நிம்மதி.

அப்புறம் அவர் கண்ணைத் திறந்தார்.

கமிட்டியின் மூத்த கிழவர் ஒருவர் பின்புறத்தைப் பார்த்தார். சுக்கானுக்குக் கீழே கயிறு இல்லை. மறுபடி அத்துமானியைப் பார்த்தார்.

"நுனி அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும், அத்துமானி?"

முவாசிதி மரத்தோடு கட்டியபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேலே உட்கார்ந்திருந்த நாரை பறந்துபோய் வேறு தீவில் குடியேறியது.

அண்ணன் எல்லாவற்றையும் விளக்கினார். கழுவியது, எண்ணெய் தடவியது, வாளி வாளியாகக் கடலை உள்ளே ஊற்றியது, இரண்டாவது மொட்டை, விறகு விலை. ஒவ்வொன்றுக்கும் கரையில் 'ஆ' என்றார்கள்.

"ஊத்தல!" என்று அலறினார் அத்துமானி. அங்கியெல்லாம் ஈரம். "ஏறினேன், ஒத்துக்கறேன். கழுவினேன், ஒத்துக்கறேன். எங்கப்பா கட்டின படகு அது! ஒவ்வொரு நாளும் கரையில நடக்கிறப்போ அதோட வயித்துக்குள்ள சேறு பேசுறது எனக்குக் கேக்கும்! எல்லாரும் கழுதை பாக்கப் போனாங்க, நான் கயித்து நுனியைத் தேடித் தேடிக் கண்டுபுடிச்சு, மணல் போட்டுத் தேச்சேன். அவ்வளவுதான்! ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தல!"

"அப்ப தண்ணி எப்படி வந்தது?" என்றார் அண்ணன்.

"அந்த அழுக்குதான்யா அடைச்சு வச்சிருந்தது! வருஷக்கணக்கா ஒட்டின சேறு! அது போனதும் பலகையெல்லாம் வேர்க்க ஆரம்பிச்சுது!"

படகே குலுங்கச் சிரித்தார்கள். அபூத் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். ஷெகூவே அண்ணன்கூடக் குமட்டலை மறந்து சிரித்தார்.

"என் தொழில்ல நான் எத்தனையோ பொய் கேட்டிருக்கேன் நகுதா," என்றார். "அழுக்கு காப்பாத்திச்சு, சுத்தம் கெடுத்திச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை."

மூத்த கிழவர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். சிஜாலி ஒழுகவில்லை. மரம் நிற்கும். அத்துமானி தலைவர் பாயை விட்டு எழவேண்டும். அவர் எழுந்தார். எழும்போதும் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டுத்தான் எழுந்தார். கரையேறிப் போகும்போது ஒருமுறை நின்று, தலையைச் சாய்த்து, படகின் பக்கம் எதையோ கேட்டார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

"எதுக்கும் ஒரு தடவை கலப்பத்து அடிச்சிடும்மா," என்றார் மூத்த கிழவர், இறங்கும் முன். "பஞ்சு பழசா இருக்கு."

முவாசிதி முடிச்சை அவிழ்த்து, கயிற்றை உதறினாள்.

"இப்பத்தானே தீர்ப்பு சொன்னீங்க? ஊரே கேட்டுச்சே? ஒழுகாத படகுக்கு எதுக்குய்யா கலப்பத்து? இத்தனை நாள் எவன் எவனோ என் அப்பா படகை ஓட்டைன்னான், ஒடைசல்னான், பொம்பளை வச்சிருக்கிற படகுன்னான். இனி எவன் பஞ்சும் எவன் எண்ணெயும் இதுல படாது. நாளைக்கே சரக்கு ஏத்துறேன். எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்!"

கரை ஆர்ப்பரித்தது. அபூத் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய சர்க்கரை மூட்டைகளையும் அவளுக்கே தருவதாக எல்லோர் முன்னாலும் கத்தினார். ஷெகூவே அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோள் ஆடியதால் வழியெல்லாம் அவர் வாந்தி எடுத்தார், ஆனால் வெற்றியோடு எடுத்தார். மறுநாள் காலை எங்கள் கடைப் பலகையில் 'தலைமுடி, தாடி' என்பதற்குக் கீழே 'துப்பு' என்று நான்தான் பெயிண்ட் அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, காற்றும் அலையும் இல்லாத நடுப்பகலில், கிடாவுத் துறையே நின்று பார்த்துக்கொண்டிருக்க, சிஜாலி அபூத் முதலாளியின் சர்க்கரையோடு தானாகவே மூழ்கியது.